எத்தனை கை?

மகளுக்கு இந்த மே மாதம் முதன்முறையாகக் கிறிஸ்தவச் சிறுவர் முகாம். கொடைக்கானல், ஐந்து நாள். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தால் கடைசியில் ‘கவுன்சிலர் பெயர்’ என்று ஒரு கட்டம். அதை நாம் நிரப்ப வேண்டாம், அலுவலக உபயோகத்துக்கு. ஆனாலும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 2002 முதல் 2005 வரை நான்கு மே மாதங்கள் அப்படி ஒரு கட்டத்தில் என் பெயர் இருந்தது.

முதல் வருடம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆச்சி கேட்டாள்: “கவுன்சிலரா? எந்த வார்டுலே?” அதற்கு முந்தைய அக்டோபரில்தான் உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. எங்கள் தெருச் சுவர்களில் சின்னங்கள்கூட இன்னும் அழியவில்லை. கேம்ப் கவுன்சிலர் என்றால் பத்துப் பையன்களை ஐந்து நாள் மேய்ப்பது, சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு என்று விளக்கினேன். “அதுக்கு வார்டே தேவலாம்” என்றாள்.

பாளையங்கோட்டையில் விடிவதற்கு முன் ஜெபம் பண்ணி வண்டி கிளம்பும். மதுரை வரை பாட்டும் கைதட்டலுமாக இருக்கும். வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டியில் மலை ஏறத் தொடங்கியதும் சத்தம் அடங்கிவிடும். ஊத்து வருவதற்குள் முதல் பையன் வாந்தி எடுப்பான். அவனைப் பார்த்து அடுத்தவன். கவுன்சிலர் ஊழியம் என்பது பிரசங்க மேடையில் அல்ல, எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையுமாகப் பேருந்தின் நடுவழியில்தான் ஆரம்பிக்கிறது. பெருமாள்மலையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டால் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். திருநெல்வேலியின் அக்கினி வெயிலிலிருந்து வந்த பிள்ளைகள் வாயைத் திறந்து புகை விட்டு விளையாடுவார்கள். ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கும்போது அதே பிள்ளைகள் ஒரு கம்பளிக்காக அடித்துக்கொள்வார்கள்.

கோடையில் மலையேறுவது எங்கள் ஆட்களுக்கு மிஷனரிகள் விட்டுப்போன பழக்கம். காலராவும் காய்ச்சலும் வெயிலுமாக மதுரையில் குடும்பத்தோடு அவதிப்பட்ட அமெரிக்க மிஷனரிகள்தான் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளப் போன மலைக்கு நாங்கள் ஆத்துமாவைக் காப்பாற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

நாள் ஐந்தரை மணி விசிலோடு தொடங்கும். அமைதி நேரம், உடற்பயிற்சி, கோதுமை ரவை உப்புமா, வேதபாடம், மனப்பாட வசனம், விளையாட்டு. படுக்கை மடிப்புக்குக்கூட மதிப்பெண் உண்டு. அணிகளுக்கு யோர்தான், கர்மேல், சீனாய் என்று பெயர். கர்மேல் பையன்கள் சீனாயின் செருப்பைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை மூன்று வருடம் விசாரித்தும் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது அதில் ஒருவன் போலீஸ். போனில் அவனாகவே ஒப்புக்கொண்டான்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. படிவத்தில் வராத வேலை ஒன்று உண்டு. இரண்டாம் வருடம் என் அறையில் பத்து வயதுப் பையன் ஒருவன் முதல் ராத்திரியே படுக்கையை நனைத்துவிட்டான். நாலரை மணிக்கு என்னை எழுப்பாமல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். எவ்வளவு நேரம் நின்றானோ. விரிப்பை உருவிக் குழாயடியில் அலசினேன். விரல் மரத்துவிட்டது. அந்த மூடுபனியில் வெளியே எதுவும் காயாது. சமையற்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. விறகடுப்புக்கு எதிரே இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு அதில் விரித்தார். விசில் ஊதுமுன் காய்ந்தும் விட்டது, கொஞ்சம் புகை நாற்றத்தோடு. மற்றவர்களிடம் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டது நான்தான் என்று சொன்னேன். கிறிஸ்தவ முகாமில் பொய். அடுத்த மூன்று நாளும் அதே பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. “அண்ணனுக்குக் கை நடுக்கம்” என்று பையன்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் யாரும் பயிற்சி தரவில்லை. பயிற்சி மொத்தமே ஒரு நாள். அதில் பாதி நாள் ஒரு பிள்ளையை எப்படித் ‘தீர்மானத்துக்கு’, அதாவது இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு, நடத்துவது என்பதற்கே போய்விட்டது. கையில் எழுத்தில்லாப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். வெறும் நிறப் பக்கங்கள். கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தம். 1866-ல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் இந்த மூன்று நிறங்களை வைத்துத்தான் பிரசங்கித்தார். பொன்னிறத்தை 1875-ல் அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடி சேர்த்தார். பச்சை பிறகு வந்தது. எளிமையான உத்திதான். நான் முதல் பக்கத்தைக் காட்டியதும் முன்னால் இருந்த பையன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். “கறுப்புன்னா பாவமாண்ணே?” இருதயத்தைச் சொல்கிறார்கள், தோலை அல்ல என்றேன். தலையாட்டினான். என் கையும் அவன் கை நிறம்தான். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் புத்தகத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

சரி, சொல்ல வந்தது கடைசி ராத்திரியைப் பற்றி.

கேம்ப்ஃபயர். நாடகம், பாட்டு, அசட்டு ஜோக்கு எல்லாம் முடிந்து தீ பாதி அடங்கியபின் பேச்சாளர் எழுந்திருப்பார். கீபோர்டில் ஒருவர் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருப்பார். “எல்லாரும் கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம்.” வீட்டுக்குப் போகும் வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ எங்கே இருப்பாய் என்று கேட்பார். காலையில் அதே கொண்டைஊசி வளைவுகளில் இறங்கப்போகிற பிள்ளைகளிடம்! அப்புறம், ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார். கவுன்சிலர்களுக்கு மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க உத்தரவு. கையில் பேனாவும் தாளும். அவரவர் அறைப் பையன்களின் கைகளை எண்ண வேண்டும்.

நான்கு நாளாகச் சரியாகத் தூங்காத பிள்ளைகள். குளிர். இருட்டு. அம்மாவைப் பார்த்து நாலு நாள். ஒருவன் விசும்பினால் போதும், வரிசையே அழும். அது ஆவியானவரின் அசைவா, அம்மாவின் நினைப்பா என்று பத்தொன்பது வயது எனக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை. எண்ணினேன். ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். எல்லா அறையின் எண்ணையும் கூட்டி அறிக்கையில் போட்டார்கள். காணிக்கை கொடுத்தவர்களுக்கு அந்த அறிக்கைதான் போகும்.

திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஒருவன் 2002, 2003, 2004 என்று மூன்று வருடமும் என் அறை. மூன்று வருடமும் கை தூக்கினான். மூன்றாம் வருடம் சாமான் கட்டும்போது கேட்டேவிட்டேன்.

“ஏம்லே வருசா வருசம் தூக்குத? ஒரு தடவை தூக்குனா போதும்லா?”

“நம்ம ரூம்ல எண்ணிக்கை குறைஞ்சா உங்கள ஏசுவாங்கல்லாண்ணே.”

அவன் கண்ணை மூடியிருக்கவே இல்லை. நான் எண்ணுவதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

2005 மே. சுனாமி வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து இரண்டு பையன்களைக் கட்டணம் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். நல்ல காரியம். கடைசி ராத்திரி பேச வந்தவர் வெளியூர்க்காரர். இந்தப் பிள்ளைகள் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லையா, சொல்லியும் பேசினாரா, தெரியாது. அலையிலிருந்துதான் தொடங்கினார். கர்த்தர் தந்த எச்சரிப்பு என்றார். அந்த ஞாயிறு காலை ஆயத்தமாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அந்த இருவரில் என் அறையில் இருந்த பையன் என் காதருகே வந்து, “அண்ணே, ஒண்ணுக்குப் போணும்” என்றான். போனவன் வரவில்லை.

சமையற்கட்டில் இருந்தான். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு மாஸ்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பையன் எதிரே சம்மணம் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தம்ளர் சுக்குக்காப்பி. சின்னப் பல்லை ஒதுக்கு, பெரிசை இதில் போடு என்பதைத் தவிர மாஸ்டர் வேறெதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். நானும் உரித்தேன். கேம்ப்ஃபயர் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர்தான். வெங்காயம் வசதியாகப் போயிற்று.

“உங்க ரூம்ல எத்தனை?” என்று பொறுப்பாளர் அப்புறம் கேட்டார். எண்ணவில்லை என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவராகவே எட்டு என்று எழுதிக்கொண்டார்.

அத்தோடு கோபித்துக்கொண்டு விலகினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் ஜூனில் சென்னையில் வேலை கிடைத்தது, மே மாதத்தில் லீவு தர மாட்டேன் என்றார்கள்.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது ஒன்று. மனந்திரும்ப விரும்புகிறவர்களை அந்த இடத்திலேயே எழுந்து முன்னே வரச் சொல்கிற முறை அப்போஸ்தலர் காலத்து வழக்கம் அல்ல. அதைப் பிரபலமாக்கியது 1830-களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார். தவிப்போடு இருக்கிறவர்களுக்கென்று முன்னால் தனி இருக்கை போட்டு அங்கே வந்து உட்காரச் சொன்னார். கை உயர்த்தச் சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். இது மனதை உலுக்கும் வித்தை என்று அன்றைக்கே அமெரிக்கச் சபைகளுக்குள் எதிர்ப்பும் இருந்தது. பிரபலமாகி இருநூறு வருடம்கூட ஆகாத பழக்கத்தைக் கர்த்தரே சொன்னதுபோல வைத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஒரு பிள்ளை திடப்படுத்தல், அதாவது சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு, எடுக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் வகுப்பு உண்டு. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கேள்வி கேட்பார். அதே பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

சிறுவர் ஊழியத்தின் ஆரம்பக் கதைகளில் எனக்குப் பிடித்தது ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவருடையது. 1868-ல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, மணலில் ‘தேவன் அன்பாயிருக்கிறார்’ என்று எழுதி, கூழாங்கல்லும் கடற்பாசியும் வைத்து அலங்கரிக்கச் சொன்னார். அலை வந்தால் போய்விடும் எழுத்து. அதை வைத்து என்ன அறிக்கை எழுத முடியும்?

இதைப் படித்துவிட்டு, “அந்த ராத்திரியில்தான் நான் இரட்சிக்கப்பட்டேன், நீ எப்படிச் சொல்லலாம்” என்று நிறையப் பேர் வருவீர்கள். என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். என் மனைவி பதின்மூன்று வயதில் ஏற்காட்டில் ஒரு கேம்ப்ஃபயரில் கை தூக்கியவள். இன்றுவரை அதிலிருந்து அசையவில்லை. பேச்சாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு வார்த்தை ஞாபகமில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கவுன்சிலர் அக்கா ராத்திரி முழுக்க நெற்றியில் துணி நனைத்துப் போட்டதுதான் ஞாபகம் என்றாள். நான் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பதற்குள், “ஆனா அந்த ராத்திரி அவரு கேக்கலேன்னா நான் தூக்கியிருக்க மாட்டேன், அதையும் எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

முகாமே வேண்டாம் என்பவன் இல்லை நான். வேண்டாம் என்றால் மகளை எதற்கு அனுப்புகிறேன்? பிள்ளைகள் கேட்டால் பேசுங்கள், ஜெபம் பண்ணுங்கள், பகல் வெளிச்சத்தில் பண்ணுங்கள். எண்ணாதீர்கள். ராத்திரியில் தீயைக் காட்டி மரணத்தைப் பேசாதீர்கள். அந்த ஒரு நாள் பயிற்சியில் பாதியை, படுக்கை நனைக்கிற பிள்ளைக்கும், வீட்டு நினைப்பில் சாப்பிடாத பிள்ளைக்கும், வீட்டில் தனக்கு நடக்கிற கொடுமையைத் திடீரென்று உங்களிடம் சொல்லிவிடுகிற பிள்ளைக்கும் ஒதுக்குங்கள். எங்கள் காலத்தில் போக்சோ சட்டம் இல்லை, 2012-ல்தான் வந்தது. பத்துப் பையன்களோடு ஒரே அறையில் தூங்கிய என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஐயரின் கடிதம் ஒன்று போதுமானதாக இருந்தது. நான் யோக்கியன் என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

மகளின் முகாம் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கடைசி ராத்திரி என்ன நிகழ்ச்சி என்று கேட்டேன். “சர்ப்ரைஸ் பிரதர்” என்றார். கவுன்சிலர்கள் எண்ணுவார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நீங்க முன்னாடி கவுன்சிலரா இருந்தீங்களா?” என்றார்.

படிவத்தில் ‘பிள்ளையைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியவை’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இருட்டென்றால் பயப்படுவாள், அழுதால் யாராவது பக்கத்தில் உட்காரவும், கை தூக்கச் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். மகள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, “அப்பா, கை தூக்காம எப்படிப்பா த்ரோபால் ஆடுறது?” என்றாள்.

பெட்டியில் இரண்டு கம்பளி வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் கிளம்புகிற அன்று காலையில்தான் வாங்க வேண்டும்.