விசிஆர் வைத்துப் படித்த டோனி குவின்

பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்களாக வரமாட்டார்கள் என்று விளையாட்டு உலகில் அடிக்கடி சொல்வார்கள். பிறவியிலேயே கைவந்த வித்தையை இன்னொருவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாதாம். டோனி குவினைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அமெரிக்க பேஸ்பாலில் சான் டியகோ பாட்ரேஸ் அணிக்கு 1982 முதல் 2001 வரை 20 சீசன் ஆடியவர். வேறு அணிப் பக்கமே போகவில்லை. மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் நின்று, சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை ஐந்து முறை வாங்கியிருக்கிறார், ஆனால் ஊர் பேசியது அவர் மட்டையைத்தான். 3,141 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்வது), சராசரி .338 (ஆயிரம் வாய்ப்புக்கு 338 ஹிட் என்ற கணக்கு), அமெரிக்காவின் இரு உச்ச லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பேட்டிங் சாம்பியன் பட்டம் எட்டு முறை. இவற்றைவிட எனக்குப் பிடித்த எண் 434. பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆவதை ஸ்ட்ரைக்அவுட் என்பார்கள்; இருபது வருடத்தில் மொத்தமே அவ்வளவு ஸ்ட்ரைக்அவுட்தான்! இன்றைக்குப் பல பேர் மூன்று சீசனிலேயே அதைத் தொட்டுவிடுகிறார்கள். கிரெக் மேடக்ஸ் மாதிரி ஒரு மகா பிட்சரால்கூட (பந்து வீசுபவர்) இவரை ஒரு தடவையும் ஸ்ட்ரைக்அவுட் செய்ய முடியவில்லை. 1994இல் .394 என்ற நிலையில் இருந்தார். ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, சீசன் அப்படியே நின்றுபோனது. இன்னும் மூன்றே ஹிட் விழுந்திருந்தால் .400. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

இதெல்லாம் வரம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். 1983இல் அடி சரியாக விழாத நாட்களில், வெளியூரில் இருந்தபடியே மனைவி அலிசியாவை அழைத்து, டிவியில் வரும் தன் ஆட்டத்தை விசிஆர் என்ற வீடியோ டேப் கருவியில் பதிவு செய்து வைக்கச் சொன்னார். வந்து போட்டுப் பார்த்தபோது கோளாறு எங்கே என்று பிடிபட்டது. அன்றிலிருந்து டேப்பும் கையுமாகத்தான் திரிந்தார். 'கேப்டன் வீடியோ' என்ற பட்டப்பெயரே வந்தது. இன்று எல்லா அணியும் செய்யும் வேலையை அவர் அப்போது வீட்டு விசிஆரில் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடியையும் பிரித்துப் பார்த்துக் கற்றவருக்கு, அதையே பிரித்துச் சொல்லித்தர எவ்வளவு நேரமாகும்?

ஓய்வு பெற்றதும் அவர் போன இடம், தான் படித்த சான் டியகோ ஸ்டேட் பல்கலைக்கழகம். தன் பழைய பயிற்சியாளர் ஜிம் டியட்ஸின் நாற்காலியிலேயே 2003 சீசனிலிருந்து உட்கார்ந்தார். கணக்கைப் பார்த்தால் 363 வெற்றி, 363 தோல்வி. இதை வைத்து 'சுமாரான பயிற்சியாளர்' என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன். பள்ளி முடித்தபோது, அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்தத் தொழில்முறை அணியும் எடுக்காத பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், இவரிடம் வந்து மூன்றே வருடத்தில், 2009 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். அதற்கு எந்தப் பத்தியில் மார்க் போடுவது?

அப்புறம், வாயில் அடக்கும் புகையிலை. அமெரிக்க பேஸ்பாலில் அது அப்போது பழகிப்போன ஒன்று. குவினும் கல்லூரிக் காலத்திலிருந்தே வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். 2010இல் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் கண்டுபிடித்தபோது, காரணம் அதுதான் என்று அவரே நம்பினார், வெளியே சொல்லவும் செய்தார். தன் பலவீனத்தை மாணவர்கள் முன்னால் ஒளிக்காததுதான் அவரிடம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. அவர் போன பிறகு, தானும் அந்தப் பழக்கத்தை விடப்போவதாக ஸ்ட்ராஸ்பர்க் சொன்னார். 2016 ஒப்பந்தத்தில், உச்சமட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகுக்குப் புதிதாக வருகிறவர்கள் மைதானத்தில் அதைத் தொடக்கூடாது என்று விதியே வந்தது.

2014 ஜூன் 16 அன்று குவின் இறந்தார். வயது 54. அதற்குச் சில நாள் முன்புதான், சிகிச்சைக்கான விடுப்பில் இருந்தபடியே, பல்கலைக்கழகத்துடன் பயிற்சியாளர் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருந்தார்.