அறிவுசார் குறைபாடு உடையோரின் ஆன்மிகத் தேவை யாருடைய பொறுப்பு?

அறிவுசார் குறைபாடு உடையோர் தங்கும் இல்லம் ஒன்றில் சில ஆண்டுகள் பராமரிப்பாளராக இருந்தேன். அங்கிருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் தாயார் இறந்தபோது, அவரால் தாங்க முடியாது என்று நாங்களே முடிவு செய்து, அவரிடம் சொல்லாமலும் இறுதிச் சடங்குக்கு அழைத்துச் செல்லாமலும் விட்டுவிட்டோம். அம்மா வழக்கமாக வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து வைத்துவிட்டு, இருட்டும்வரை வாசலையே பார்த்திருப்பார். சில வாரங்களில் அந்த நாற்காலியைத் தூக்கி எறியத் தொடங்கினார். பதிவேட்டில் அதை 'நடத்தைச் சிக்கல்' என்று எழுதினோம். மருந்தின் அளவு கூடியது.

அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் குளியலுக்கும் உணவுக்கும் மாத்திரைக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. ஆன்மிகத்துக்கு இருந்தது 'மதம்' என்ற ஒரு கட்டம், அதற்குள் ஒரு சொல். துக்கம், நன்றி, தனிமை, தான் யாருக்கு வேண்டியவன் என்ற கேள்வி ஆகியவற்றைக் கேட்டு எழுத அதில் இடமில்லை.

அரசுக் கொள்கைகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உடையோருக்காக 2001இல் வெளியான 'வேல்யூயிங் பீப்பிள்' என்ற அரசின் வெள்ளை அறிக்கை உரிமை, தற்சார்பு, தெரிவு, சமூகத்தில் இணைதல் என்ற நான்கையும் அடிப்படையாக வைத்தது. அந்த நான்கில் ஆன்மிகம் இல்லை. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 50 பிரிவுகளில் பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் 30ஆவது பிரிவு இருக்கிறது. சமய நம்பிக்கைக்கென்று தனிப் பிரிவு இல்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், 18ஆவது பிரிவில், சமயச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தந்திருக்கிறது. ஆகவே உரிமை இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தப் பொறுப்பான ஆளும் நேரமும் நிதியும்தான் இல்லை.

இவர்களுக்கு இறைவனைப் பற்றி என்ன புரியும் என்று கேட்பவர்கள், கோட்பாட்டை விளக்கத் தெரிந்தால்தான் வழிபடலாம் என்ற நிபந்தனையை வேறு யாருக்கும் வைப்பதில்லை. ஆனால் மத நிறுவனங்களிடம் இவர்களை ஒப்படைத்துவிடுவதும் தீர்வாகாது. பெற்றோரின் மதம் தானாக அவருடைய மதமாகிவிடாது. வேண்டாம் என்று தலையசைப்பதும் பதில்தான். யாரை இழந்தீர்கள், எங்கே இருந்தால் மனம் அமைதியாகிறது, யாரோடு சேர்ந்து வழிபட விரும்புகிறீர்கள் என்று படங்களைக் காட்டியேனும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். அந்தப் பதிலை நிறைவேற்றுவதற்கான நேரம் பணியாளரின் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும்.

பல மாதங்கள் கழித்து, மூத்த பணியாளர் ஒருவர் அவரைத் தாயாரின் கல்லறைக்கு அழைத்துச் சென்றார். அவர் கைக்குட்டையை எடுத்துக் கல்லைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். அந்தப் பணியாளருக்கு அன்று வார விடுமுறை. எங்கள் பணி அட்டவணையில் அப்படியொரு வேலையை எழுத இடமே இல்லை.