500 மணித்தியாலமும் பாதைக்காக நின்ற நேரமும்

நேற்று ஒரு மெயில் வந்தது. ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி படிக்கிற இரண்டு பிள்ளைகளைக் களப்பயிற்சிக்கு எடுப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் அலுவலகம் என்பது நாலு பேர், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், பேப்பர் இழுக்காத ஒரு பிரின்டர், அவ்வளவுதான். பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அதுதான் முதலில் இங்கே கொட்டுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் இப்படித்தான் ஒரு பிள்ளை வந்தாள். அங்கே இந்தப் பட்டம் எடுக்க 1000 மணித்தியாலம் களத்தில் நிற்க வேண்டுமாம், அதில் பாதியை வெல்லாவெளிப் பக்கத்து ஒரு கிராமத்தில் நிற்கப் போகிறாள், மொழிபெயர்ப்புக்கு நான். பின்னேரமானால் ஒரு தாளை நீட்டுவாள். இன்றைக்கு ஆறரை மணித்தியாலம், ஏழு மணித்தியாலம் என்று எழுதியிருக்கும், நான் கையெழுத்து வைப்பேன். வாரத்துக்கு ஒரு நாள் அவளுடைய மேற்பார்வையாளர் ஸூமில் வருவார். சிக்னல் தேடி இரண்டு பேரும் வாய்க்கால் கட்டில் ஏறி நிற்போம்.

முதல் பிரச்சினை பாதையில் வந்தது. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், நாங்கள் பாதை என்பது ஆற்றைக் கடக்கிற மிதவையை. குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூரில் இறங்க வேண்டும், சில நாள் அரை மணித்தியாலம் காத்து நிற்க வேண்டும். பயண நேரம் கணக்கில் சேராது என்று அவளுடைய விதி. சரி, விதி விதிதான். ஆனால் அவள் உருப்படியாக ஏதாவது படித்தாள் என்றால் பாதி அந்தத் துறையடியில்தான் படித்தாள். தயிர்ச் சட்டி கொண்டு போகிறவர், படுவான்கரைக்கு (ஆற்றின் மேற்குக் கரைக்கு) படிப்பிக்கப் போகிற டீச்சர்மார், கத்தாரில் இருந்து மகள் இரண்டு மாதமாகக் கோல் எடுக்கவில்லை என்று யாரிடமாவது சொல்ல நினைக்கிற ஒரு தாய். கூட்டம் வைத்து, வருகை இடாப்பில் கையெழுத்து வாங்கி, பிஸ்கட் கொடுத்துக் கேட்டால் அந்தத் தாய் வாயே திறக்க மாட்டார். தாளில் அந்த நேரத்துக்கு ஒரு கோடுகூட இல்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது. புருஷன் அடிக்கிற வீடு ஒன்று. பிள்ளை தன் புத்தகத்தில் படித்தபடி ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினாள். ஒரு பையில் உடுப்பு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இரவில் ஓடிப் போய்த் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் பாய் இழைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் பன்புல்லைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "அவள் என்னத்துக்குகா போகணும்? வீடு அவள்ட. அவன்தானே வந்தவன்."

எங்கள் பக்கத்தில் வீடு தாயிடம் இருந்து மகளுக்குப் போகிறது, கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார், அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில் வேலிக்கு வேலி இருப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அந்தத் திட்டத்தை வாய் கூசாமல் மொழிபெயர்த்தேனே, அதுதான் வெட்கம். பதினெட்டு வருடம் பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து என் தலைக்குள்ளேயும் அதே புத்தகம் ஏறிவிட்டது. இத்தனைக்கும் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை போட்டு, அடிக்கிறவனை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கலாம். பெரியம்மா சட்டம் படிக்கவில்லை, ஆனால் சட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவரும் நின்றார். அதற்காக எங்கள் ஊர்ப் பெண்களெல்லாம் ராணிகள் என்று கதை விடவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருந்தும் அடி விழுகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார். ஆனால் யோசனை எங்கே தொடங்க வேண்டும் என்பது மாறுகிறதல்லவா?

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவர் யார் என்று படிவத்தில் கேட்டார்கள், புருஷன் பெயரை எழுதினோம், தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வளவுக்குப் பதில் கிடைத்த வீடு பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போய்விட்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினார்கள். அதனால்தான் வெளியில் இருந்து படிவத்தோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் லோன். வாரத்தில் ஒரு நாள் லோன்காரர் வரும் நாள், அன்றைக்கு ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2021இல் ரசாயன உரத்தை நிறுத்தினார்கள், வட்டை (வயல்) ஏமாற்றியது, அடுத்த வருடம் சாமான் விலை ஏறியது, திரும்பவும் லோன். நாங்கள் போன நாள் ஐந்தாறு பெண்கள் மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள், ஒளிந்திருந்தார்கள் என்றே சொல்லலாம். பிள்ளை நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒருவர் கேட்டார், "உங்கட ஊரில லோன்காரன் வந்தா எங்க ஒளிப்பீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கும் கடன் இருக்கிறது, படிப்புக் கடன் என்றாள். எல்லாரும் நிமிர்ந்தார்கள். எவ்வளவு, யாரிடம், வட்டி என்ன? அது அரசாங்கக் கடன், வேலை கிடைத்து வருமானம் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், வரியோடு சேர்த்து. "அப்ப வேலை கிடைக்காட்டி?" கட்டத் தேவையில்லை. ஒரு நிமிடம் சத்தமே இல்லை. மறுகா ஒருவர், "புள்ள, அந்த லோன்காரன்ட நம்பரத் தா" என்றார். சிரித்த சிரிப்பில் ஒளிந்திருந்ததே மறந்துபோயிற்று. அதுவரைக்கும் 'வெள்ளக்காரப் புள்ள', அன்றிலிருந்து 'எங்கட புள்ள'. அவள் நோட்டை எப்போது மூடினாள் என்று நான் கவனிக்கவில்லை.

இவ்வளவு சொல்கிறேனே, அவளில் எனக்குக் கோபமா? இல்லை. கோபம் எங்களில்தான். முதல் நாள் அவளுக்குச் சீலை விரித்த கதிரை, சோடா, சங்கத் தலைவி வாசலில். அதற்கு நாலு மாதம் முன்னால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி, அவளும் சமூகப்பணி மாணவிதான், அதே ஊருக்குக் களப்பயிற்சிக்குப் போனாள். பஸ் காசு சொந்தக் காசு. "இண்டைக்குத் தலைவி இல்ல, நாளைக்கு வா" என்று மூன்று நாள் அலைக்கழித்தார்கள், நாலாம் நாள் சிரமதானத்துக்குக் கூட்டினார்கள், புல்லுச் செருக்கினாள். இந்த நாட்டில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது 1952இல். இன்னும் எங்களுக்குச் சமூகப்பணி என்றால் அரிசிப் பொதி கொடுப்பதும் புல்லுச் செருக்குவதும்தான். பாய் இழைத்த பெரியம்மா அந்தப் பிள்ளையிடமும் இதே வசனத்தைச் சொல்லியிருப்பார், கேட்க அவளை யாரும் உட்காரவிட்டால்தானே. அவளுக்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே மெயிலுக்கு இப்படித்தான் எழுதப் போகிறேன். வாருங்கள். முதல் ஒரு மாதம் ஆய்வு வேண்டாம், படிவம் வேண்டாம், முன்பள்ளிச் சுவருக்குத் தயவுசெய்து பெயின்ட் வேண்டாம் (வேறொரு குழு அடித்த வண்ணத்துப்பூச்சியே இன்னும் காயவில்லை என்கிற மாதிரித்தான் இருக்கிறது). வீட்டில் சாப்பாடு தந்தால் விதியைக் காட்டி மறுக்க வேண்டாம், செத்த வீட்டுக்குப் போய் இருந்தால் அந்த நேரத்தையும் தாளில் எழுதுங்கள், நான் கையெழுத்து வைப்பேன். இரண்டு பேரை அனுப்புகிறீர்கள் என்றால் இங்கத்தைய மாணவி ஒருத்தியும் அவர்களோடு சரிசமமாகக் களத்தில் நிற்பாள், அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுக்கக்கூடாது, மாணவியாகவே நிற்பாள். ஊருக்கு முதலில் சொல்லி, ஊர் சரி என்றால்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கடைசிச் சொன்னதை நானே முதலில் செய்யலாம் என்று இன்றைக்குக் காலையில் பாதை ஏறிப் போனேன். பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய பிள்ளை கல்யாணம் முடித்துவிட்டாளா என்று கேட்டார், தெரியாது என்றேன். வருகிறவர்கள் எத்தனை நாளைக்கு என்று கேட்டார். 500 மணித்தியாலம் என்றேன். அவர் விரலில் ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப மாரிக்கு முதல் வந்திட்டுப் போகச் சொல்லு, மறுகா இந்த ரோட்டால நீயும் வரமாட்டாய்" என்றார்.