டக் மெக்மில்லனும் 2015 அக்டோபரும்

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டக் மெக்மில்லன் 2026 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே காட்சியில்தான் தொடங்குகிறார்கள். 1984 கோடை விடுமுறையில், பதினேழு வயதில், அந்நிறுவனத்தின் விநியோகக் கிடங்கில் லாரிகளிலிருந்து சரக்கு இறக்கி மணிக்கூலி வாங்கியவர், முப்பது ஆண்டுகளில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இது உண்மைதான். ஆனால், ஒரு பல் மருத்துவரின் மகன் கல்லூரிச் செலவுக்காகச் செய்த கோடைக்கால வேலை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உழைத்தால் உயரலாம் என்று அந்தக் கதையை முடித்துவிட்டால், அவர் உண்மையில் எடுத்த கடினமான முடிவு பார்வையிலிருந்து மறைந்துபோகிறது என்பதே என் வருத்தம்.

கிடங்கு வேலைக்குப் பின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த 1990இல், அங்கேயே ஒரு வால்மார்ட் கடையில் உதவி மேலாளராகச் சேர்ந்தார். அடுத்துக் கொள்முதல் பிரிவுக்குப் போய் மீன்பிடிச் சாமான்கள் வாங்கும் பொறுப்பில் தொடங்கினார். பின்னாளில் உறுப்பினர்களுக்கு மொத்தமாக விற்கும் சாம்ஸ் கிளப் பிரிவையும் பன்னாட்டுப் பிரிவையும் தலைமையேற்று நடத்திவிட்டு, 2014 பிப்ரவரியில் தலைமைச் செயல் அதிகாரியானார். 1962இல் சாம் வால்டன் முதல் கடையைத் திறந்ததிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த ஐந்தாவது மனிதர் அவர்.

அவர் ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஆண்டுக்கு 47,600 கோடி டாலர் வருவாய் ஈட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதன் கடைகள் நலமாக இல்லை. அடுக்குகள் காலியாகக் கிடந்தன, கல்லாவில் வரிசை நீண்டது, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 2015இன் தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்த வால்மார்ட் கடைகளில் 16 விழுக்காடு மட்டுமே நிறுவனம் தானே வகுத்த வாடிக்கையாளர் சேவை இலக்கை எட்டியிருந்தன. கடைக் கணக்குகளோடு பல ஆண்டுகள் புழங்கியவன் என்ற முறையில், இப்படியொரு நிலையில் பெரும்பாலான முதலாளிகள் என்ன செய்வார்கள் என்பதை நான் அறிவேன்: முதலில் ஆட்களைக் குறைப்பார்கள். சம்பளம் பேரேட்டில் பெரிய எழுத்தில் நிற்கிறது. அடுக்கை நிரப்ப ஆளில்லாமல் திரும்பிப்போன வாடிக்கையாளரின் பணம் எந்தப் பக்கத்திலும் பதிவாவதில்லை.

மெக்மில்லன் அதற்கு நேர்மாறாகச் செய்தார். 2015 பிப்ரவரியில், தொடக்க ஊதியத்தை ஏப்ரலில் மணிக்கு 9 டாலராகவும் மறு ஆண்டில் 10 டாலராகவும் உயர்த்துவதாக அறிவித்தார். ஏறத்தாழ 5 லட்சம் ஊழியர்களுக்கு ஊதியம் உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தை மதிப்பில் அமேசான் வால்மார்ட்டை முந்தியது. அக்டோபர் 14 அன்று, ஊதியத்துக்கும் இணைய வணிகத்துக்கும் செய்யும் செலவினால் 2017 ஜனவரியில் முடியும் நிதியாண்டில் ஒரு பங்குக்கான லாபம் 6 முதல் 12 விழுக்காடு வரை குறையும் என்று முதலீட்டாளர்களிடம் நிறுவனம் அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 10 விழுக்காடு சரிந்து, ஏறக்குறைய 2,000 கோடி டாலர் சந்தை மதிப்பு கரைந்தது. அதற்குப் பிறகும் அவர் ஊதிய உயர்வைத் திரும்பப் பெறவில்லை. அவருடைய பன்னிரண்டு ஆண்டுப் பணியை எடைபோட எனக்கு இந்த ஒரு நாள் போதும். மறு ஆண்டுக்குள் சேவை இலக்கை எட்டிய கடைகள் முக்கால் பங்காக உயர்ந்தன.

அந்த உறுதிக்குப் பின்னால் வால்டன் குடும்பம் இருந்ததையும் மறுக்க முடியாது. பங்குகளில் ஏறத்தாழ பாதியைக் கையில் வைத்திருந்த குடும்பம் பொறுமை காத்தது. பங்குகள் சிதறிக் கிடக்கும் நிறுவனத்தில் இப்படி அறிவித்த ஒருவர் பதவியில் நீடித்திருப்பாரா என்பது ஐயமே. பங்குதாரர்களை ஆற்றுப்படுத்த அதே நாளில் 2,000 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையில் ஒரு பகுதியேனும் கடை ஊழியரின் கைக்குப் போயிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இணைய வணிகத்தில் அவருக்குத் தோல்வியும் உண்டு. 2016இல் 330 கோடி டாலருக்கு வாங்கிய ஜெட் தளம் 2020இல் மூடப்பட்டது. 2018இல் இந்தியாவின் ஃபிளிப்கார்ட்டில் 1,600 கோடி டாலர் கொடுத்து 77 விழுக்காடு பங்கை வாங்கியபோதும் பலர் விலை அதிகம் என்றார்கள், ஆனால் அந்த முதலீடு நிலைத்தது. எனினும் அவர் கண்ட பெரிய வழி தம்மிடம் ஏற்கெனவே இருந்த கடைகளையே கிடங்காக்கியதுதான். இணையத்தில் கேட்ட மளிகையைக் கடை ஊழியரே எடுத்துவைக்க, வாடிக்கையாளர் காரில் வந்து பெற்றுப்போகும் முறை பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கச் சிற்றூர்களுக்குக் கைகொடுத்தது.

2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரின் வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு அடுத்த மாதமே கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் விற்பனையை நிறுத்துவதாக அவர் அறிவித்தார். வேட்டையும் துப்பாக்கியும் அன்றாட வாழ்வின் பகுதியாக இருக்கும் ஊர்களில் வேரூன்றிய ஒரு நிறுவனத்துக்கு அது எளிய முடிவன்று.

இவ்வளவையும் மதித்துத்தான் இந்தக் குறையையும் சொல்கிறேன். 2018 ஜனவரியில் தொடக்க ஊதியத்தை 11 டாலராக உயர்த்துவதாக அறிவித்த அதே நாளில் 63 சாம்ஸ் கிளப் கடைகளை மூடும் செய்தியும் வந்தது; காலையில் வேலைக்கு வந்த பின்னரே சிலருக்குச் செய்தி தெரிந்தது. மெக்மில்லனின் ஆண்டு ஊதியமோ, ஊதிய வரிசையில் சரிநடுவில் நிற்கும் ஊழியர் ஒருவரின் ஊதியத்தைப்போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. ஒருவர் மணிக்கு எத்தனை டாலர் பெறுகிறார் என்பதோடு வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை பெறுகிறார் என்பதும் சேர்ந்தால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும். பகுதி நேர ஊழியர்களின் இந்தக் கவலை அவர் காலத்தில் தீரவில்லை.

அவருக்குப் பின் பொறுப்பேற்றிருக்கும் ஜான் ஃபர்னரும் 1993இல் ஒரு வால்மார்ட் கடையின் தோட்டப் பொருள் பிரிவில் மணிக்கூலிக்குச் சேர்ந்தவர்தான். அவரைப் பற்றியும் அதே கதை எழுதப்படும். நான் காத்திருப்பது, அதே தோட்டப் பிரிவில் இன்று நிற்பவருக்கு அடுத்த வார வேலை நேரத்தை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் ஓர் அறிவிப்புக்கு.