தலையில் அடிபட்டால் எம்.ஆர்.ஐ.தான் கேட்க வேண்டுமா?

"தலையில் அடிபட்டால் சி.டி. ஸ்கேனுக்குச் சம்மதிக்காதீர்கள், கதிர்வீச்சு ஆபத்து, எம்.ஆர்.ஐ.தான் எல்லாவற்றையும் காட்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நெருக்கடி நேரத்தில் இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

விபத்தில் வந்தவரிடம் மருத்துவர் முதலில் தேடுவது மண்டைக்குள் புதிய ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இரண்டையும் சி.டி. சில நிமிடங்களில் காட்டிவிடும். எம்.ஆர்.ஐ.க்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். நினைவு தடுமாறி, வாந்தி எடுப்பவரால் அது முடியுமா? போதாக்குறைக்கு, அங்கே இருப்பது வலுவான காந்தம். உடலில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியோ உலோகத் துண்டோ இருக்கிறதா என்று விசாரித்த பிறகே உள்ளே அனுப்புவார்கள்.

பக்கவாதத்திலும் பெரும்பாலும் சி.டி.தான் முதலில். மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கொடுப்பதே வழக்கம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரியாமல் அதைத் தொடவே முடியாது.

கதிர்வீச்சு பற்றிய பயம் முழுக்கப் பொய்யல்ல. தலை சி.டி. ஒன்றில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கிறது. அளவு சிறிதுதான் என்றாலும் வீணாக வேண்டாம் என்பதால்தான் தலையில் லேசாக இடித்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதில்லை. மயங்கி விழுந்தாரா, இரண்டு முறையாவது வாந்தி எடுத்தாரா, வயது 65 அல்லது அதற்கு மேலா என்றெல்லாம் பார்த்தே முடிவு செய்கிறார்கள். குழந்தைகள் என்றால் இன்னும் யோசிப்பார்கள்.

சரி, எம்.ஆர்.ஐ. எதற்கு? தண்டுவடம் நசுங்கியிருக்கும் சந்தேகம் வந்தால் அதற்கு இணை கிடையாது.