மாத்திரையை நிறுத்தச் சொல்லும் முன் அளந்து பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டீர்கள். தமிழ் மருத்துவத்துக்கு எதிரி என்று என்னை எழுதியதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அங்கே பேச்சாளரிடம் நான் எழுந்து கேட்டது ஒன்றுதான்: ஆண்டுக்கணக்கில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், அவருடைய அழுத்தம் எவ்வளவு என்றுகூட அளந்து பார்க்காமல், நாளை முதல் அதை விட்டுவிட்டுக் கஷாயம் குடியுங்கள் என்று மேடையில் நின்று எப்படிச் சொல்லலாம்?

மூலிகைக்கு வலிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. என் தாத்தா வைத்தியர். மருந்துவாழ் மலையில் அவர் பின்னால் பையைச் சுமந்து நடந்தவன் நான். மலையாள வைத்தியர்கள் அமல்பொரி என்று அழைக்கும் சர்ப்பகந்தா வேரை அவர் பூட்டிய பெட்டியில்தான் வைத்திருப்பார். பாட்டி கேட்டாலும் எடுத்துத் தரமாட்டார். அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் ஆராய்ந்து 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952-இல் அந்த வேரிலிருந்து, அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ரெசர்பின் நாடித்துடிப்பைக் குறைக்கும், மூக்கை அடைக்கும், அளவு மிஞ்சினால் மனச்சோர்வில் கொண்டுபோய் விடும். வலிமை இருப்பதால்தான் தாத்தா பூட்டி வைத்தார். வலிமை இருப்பதால்தான் அளந்து கொடுங்கள் என்கிறேன்.

'செடிதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்கிறார்கள். அதிமதுரமும் செடியின் வேர்தான். அதை நாள்தோறும் மிகுதியாகச் சாப்பிட்டால், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மருந்துக் கம்பெனிகளுக்காகப் பேசுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

என் சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். யாரோ கொடுத்த பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினார். 'தலைசுற்றல்கூட இல்லையே மக்களே, சுகமாகத்தான் இருக்கேன்' என்றார். ஏறிய அழுத்தம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது என்பது அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது. நான்காம் மாதம் பக்கவாதம் வந்தது. இன்று அவருடைய வலது கை தேநீர்த் தம்ளரைக்கூடப் பிடிக்காது. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று கொடுத்தவர் கடைசிவரை சொல்லவில்லை.

நான் விளம்பரத்துக்காக எழுந்தேன் என்று எழுதியவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறன்று முன்வரிசையில் சித்தப்பா வயதுடைய ஒருவர், பேச்சாளர் சொன்ன கஷாயத்தின் பெயரைத் தம் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.