முப்பது பேஜுக்கு என்னத்துக்கு தம்பி பெஞ்ச்மார்க்

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் மெசேஜ் பண்ணான், "அண்ணே, எங்க சாஃப்ட்வேருக்கு தமிழ்ல டாக்குமென்டேஷன் சைட் போடணும், ஹ்யூகோவா ஜெகிலா டாகுசாரஸா, எதுண்ணே பெஸ்ட்?"னு. மூணுமே நம்ம எழுதிக் குடுக்கற பக்கங்களை வெப்சைட்டா மாத்தித் தர்ற டூல், ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்ம்பாங்க; அப்படி மாத்தறதுதான் பில்டு. எத்தனை பேஜுடான்னேன். முப்பதாம். முப்பது பேஜ் எதுல சீக்கிரம் பில்டு ஆகும்னு நாலு நாளா உக்காந்து பெஞ்ச்மார்க் (வேகத்தை அளந்து ஒப்பிடற) வீடியோ பாத்துட்டு இருந்திருக்கான் 🤦

ஹ்யூகோ வேகம்தான், யாரு இல்லேன்னா. கோ (Go)ங்கற ப்ரோக்ராமிங் மொழில எழுதினது, ஒரே ஒரு ஃபைலை எறக்கி வச்சா வேலை முடிஞ்சுது. குபர்நெட்டிஸ்ங்கற பெரிய சாஃப்ட்வேரோட டாக்ஸே (டாக்குமென்டேஷன்) அதுலதான் ஓடுது, ஆயிரக்கணக்குல பேஜ் இருந்தா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா பேஜ் எப்படி வரணும்னு சொல்ற டெம்ப்ளேட் ஃபைலைத் தொறந்து பாருங்க, கர்லி ப்ராக்கெட்டுக்குள்ள ஒரு புள்ளி இருக்கும், அந்தப் புள்ளிக்கு லூப்புக்கு வெளிய ஒரு அர்த்தம், உள்ள போனா வேற அர்த்தம், இதை அடுத்து வர்றவனுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?

நான் பட்டது ஜெகில்ல. 2008ல வந்தது, கிட்ஹப் பேஜஸ்ல (கோட் வைக்கிற கிட்ஹப் தர்ற வெப் ஹோஸ்டிங்) ஃபைலை புஷ் பண்ணா அதுவே பில்டு பண்ணிக்கும், அதுக்கு மயங்கி பழைய ஆபீஸ்ல மேனுவல் முழுக்க அதுலயே போட்டேன். வேலையை விட்டு வந்து ஆறு மாசம் கழிச்சு சபோர்ட்ல இருந்த அக்கா போன் பண்றாங்க, "ஒரு விலை மாத்தணும் தம்பி, ரூபி இன்ஸ்டால் பண்ணச் சொல்லுது, பண்ணா என்னமோ ஜெம் எர்ரர்ங்குது". ஜெகில் ரூபி மொழில எழுதினது, ஜெம்னா அதோட பேக்கேஜ். ஒரு நம்பர் மாத்த ஒரு மணி நேரம் போன். ஜெகில் மேல தப்பே சொல்ல மாட்டேன், எனக்கப்புறம் இதை யாரு தொடுவாங்கன்னு நான் யோசிக்கல, அவ்ளோதான்.

டாகுசாரஸ் ஃபேஸ்புக் ஆளுங்க செஞ்சது, வெர்ஷன் வாரியா டாக்ஸ் பிரிக்கணும்னா சூப்பர். ஆனா இவனுக்கு அதுக்கு அடியில இருக்கற ரியாக்ட்டும் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) தெரியாது, வெர்ஷனும் ஒண்ணுதான்.

அதனால எம்கேடாக்ஸ் சொன்னேன், இதுவும் அதே மாதிரி டூல்தான், பைதான் மொழில எழுதினது. அவங்க டீமே பைதான் டீம், ஒரு கான்ஃபிக் ஃபைல், ஒரு ஃபோல்டர் நிறைய மார்க்டவுன் (சின்னச் சின்ன குறி போட்டு எழுதற டெக்ஸ்ட் ஃபைல்), முடிஞ்சுது கதை. ஆனா தமிழ்ல போடும்போது ஒரு வம்பு இருக்கு, இதை யாரும் வீடியோல சொல்ல மாட்டாங்க. "நிறுவுதல்"னு தலைப்பு வச்சா அதோட லிங்க் வெறும் அண்டர்ஸ்கோர் 1னு வரும், அடுத்தது அண்டர்ஸ்கோர் 2. தமிழ் எழுத்து மொத்தத்தையும் தூக்கிடுது. நாளைக்கு நடுவுல ஒரு தலைப்பு சேத்தீங்கன்னா நம்பரெல்லாம் நகந்துடும், கஸ்டமருக்கு வாட்ஸப்ல அனுப்புன லிங்க் வேற எங்கயோ போய் நிக்கும். சரி யூனிகோட் செட்டிங் போடுவோம்னு போட்டா இன்னும் கூத்து, பைதானோட ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கற முறை) புள்ளி, கொம்பு, விசிறி எதையும் எழுத்தா மதிக்கறதில்ல, "நிறுவுதல்" போய் "நறவதல" ஆயிடும் 😂 நான் அட்ரிப்யூட் லிஸ்ட் எக்ஸ்டென்ஷனை ஆன் பண்ணி, ஒவ்வொரு தலைப்பு பக்கத்துலயும் இங்கிலீஷ்ல ஒரு ஐடி கையால எழுதிடறேன், லிங்க்ல அதுதான் வரும். முப்பது பேஜுக்கு ஒரு சாயங்காலம் ஆகும்.

எல்லாம் கேட்டுட்டு, "அப்படியே எங்க மாமா கடைக்கும் ஒரு சைட் வேணும்ண்ணே, அட்ரஸ், போன் நம்பர், நாலு போட்டோ, அதுக்கு எந்த ஜெனரேட்டர்?"ங்கறான். எதுவும் வேணாம்டா, ஒரு எச்டிஎம்எல் ஃபைல் எழுதி மேல ஏத்துன்னேன். நம்ப மாட்டேங்கறான், இன்னும் வீடியோ பாத்துட்டு இருக்கான்னு நெனைக்கறேன்.